கஸ்டமருக்கு மட்டும்

ஆத்திரத்தை அடக்கினாலும் அடக்கலாம், மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். அதைச் சொன்ன புண்ணியவான் நிச்சயம் ஆம்பளையாகத்தான் இருந்திருப்பான். பெண்பிள்ளையாகப் பிறந்து, தோளில் பையை மாட்டிக்கொண்டு, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே தெருத்தெருவாக அலைந்திருந்தால் அந்தப் பேச்சு அவன் வாயில் வந்திருக்காது. நாங்கள் இரண்டையும் அடக்கினோம். நான் எப்படியோ தப்பித்தேன். என்னோடு ஜோடியாக நடந்த அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. எதனால் போனது என்று டாக்டர்கள் என்னென்னவோ பெயர் சொன்னார்கள். பக்கத்தில் நின்று பார்த்ததை நான் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டின ஒரு சந்தில் சின்னக் கம்பெனி. பினாயில், தரை துடைக்கிற லிக்விட், டாய்லெட் கழுவுகிற லிக்விட் எல்லாம் கலக்கி பாட்டிலில் அடைத்து, பெண்களை ஜோடி ஜோடியாக வீடுகளுக்கு அனுப்புவார்கள். நான் திருநின்றவூரில் இருந்து ரயிலில் வருவேன். அக்கா எஸ்டேட்டுக்குப் பின்னாலேயே குடியிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். அவளைச் சேர்ந்தவர்கள் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர்களாம். இப்போது அங்கே வயலும் இல்லை, நடவும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு, முதுகில் கம்பெனி பெயர்.

இந்தச் சரக்கை வாயால் பேசி விற்க முடியாது, செய்து காட்ட வேண்டும். வீட்டுக்காரம்மாவைத் தாஜா செய்து உள்ளே போய், டாய்லெட் பேசினில் ஒரு பாதிக்கு மட்டும் லிக்விடை ஊற்றித் தேய்ப்போம். பாதி வெள்ளை வெளேரென்று ஆகும், மறுபாதி பழைய மஞ்சளாகவே இருக்கும். அப்புறம் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பிரஷ்ஷை அலசிப் பையில் வைத்துவிடுவோம். பாதியோடு விட்டுவிட்டால் பார்க்கிறவர்களுக்கே பொறுக்காது. மீதியைத் தேய்க்கவாவது ஒரு பாட்டில் வாங்குவார்கள். முகப்பேரில் எத்தனை ஃபிளாட், மாங்காட்டில் எத்தனை புது வீடு! அத்தனை வீட்டு டாய்லெட்டுக்குள்ளும் முட்டி போட்டு உட்கார்ந்து தேய்த்திருக்கிறோம். ஒன்றையும் எங்கள் அவசரத்துக்குப் பயன்படுத்தியதில்லை.

சேர்ந்த புதிதில் தெரியாத்தனமாக நான் ஒரு தடவை கேட்டேன். முகப்பேரில் ஒரு ஃபிளாட். அந்த அம்மா நல்ல மாதிரி. குடிக்க மோர்கூடக் கொடுத்தார். இரண்டு பாட்டில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு பர்ஸை எடுக்கப் போனவர், நான் கேட்டதும் நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. "கீழ வாட்ச்மேன் ரூம் பக்கத்துல ஒண்ணு இருக்கும்மா, அத யூஸ் பண்ணிக்கோங்க" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பாட்டிலும் வேண்டாம், வீட்டில் இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கீழே வந்து பார்த்தால் வாட்ச்மேன் ரூமுக்குப் பூட்டு.

நான் பொருமிக்கொண்டே வந்தேன். அக்கா நிதானமாகச் சொன்னாள். "கைய உட்டுக் கழுவலாம், குந்தக் கூடாது. அவ்ளோதான் மே. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு வர."

"இப்பத்தான அவங்க டாய்லெட்டத் தேச்சுக் குடுத்தேன்?"

"தேச்சவ நீன்றதாலதான் மே தர மாட்டாங்க. இது கூடத் தெரில உனக்கு."

அதன் பிறகு நான் எந்த வீட்டிலும் கேட்கவில்லை. கேட்டால் வியாபாரம் போகும். அக்காவிடம் இதற்கெல்லாம் வேறு வைத்தியம் இருந்தது. காலையில் வீட்டில் ஒரு டீயோடு சரி, சாயங்காலம் திரும்புகிறவரை பச்சைத் தண்ணீர் வாயில் படாது. சித்திரை வெயிலில், பிளாட் போட்ட பொட்டல் வழியாக நடக்கும்போது நான் பாட்டிலை நீட்டினால் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பித் தருவாள். "சட்டில இருந்தாத்தான அகப்பைல வரும்?" என்று சிரிப்பாள். கம்பெனியில் இருந்த எல்லாப் பெண்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. தெருவில் இறங்கி வேலை பார்க்கிற பெண்ணுக்கு இந்த புத்தி தானாக வந்துவிடுகிறது. ஆனால் மற்றவர்கள் அவ்வப்போது தோற்றுப் போவார்கள், தண்ணீர் குடித்துவிடுவார்கள். அக்கா பிடிவாதக்காரி, ஒரு நாளும் தோற்க மாட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கே போவதற்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும். ஒன்று பூட்டியிருக்கும், இல்லையென்றால் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. நாங்கள் ஜோடியாகப் போனதால் ஒருத்தி கதவை வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்ள முடிந்தது. ஆண்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒரு சுவர் போதும். அவர்களைத் தடுக்க எல்லா மதத்துச் சாமியையும் டைல்ஸில் அடித்து ஒட்டிவைக்கிறார்கள். அதற்கும் ஒரு முழம் தள்ளி நின்று போகிறவனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் எங்களுக்குக் கடைகள்தான் கதி. எந்த பெட்ரோல் பங்கில் பெண்களுக்கு என்று எழுதின கதவு நிஜமாகவே திறக்கும், எந்த நர்சிங் ஹோமில் நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி நேராக உள்ளே போகலாம், எந்தக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நாளில் கூட்டத்தோடு நுழையலாம் என்றெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். மண்டபத்துக்குள் போவதற்கு நீலக் கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வோம். ஒரு தடவை வாசலில் சந்தனம் கொடுத்து, பன்னீரும் தெளித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொண்ணு ஊடா, மாப்ள ஊடான்னு கேட்டா இன்னா மே சொல்றது?" என்றாள். அந்த மாதிரி நாட்களும் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஹோட்டலில் டீ குடித்தால் நாமும் கஸ்டமர், தைரியமாகப் போகலாம். ஆனால் அதில் ஒரு கொடுமை இருக்கிறது. போவதற்காகக் குடிக்கிற டீ ஒரு மணி நேரத்தில் அடுத்த கடையைத் தேட வைத்துவிடும்.

எங்களுக்கென்று நிரந்தரமாக இருந்தது ஆவடியில் ஒரு பேக்கரி. அதன் முதலாளி தெற்கத்திக்காரர், நல்ல மனுஷன். ஒன்றும் வாங்காவிட்டாலும் பின்பக்கம் கையைக் காட்டுவார். ரொம்ப நாள் அப்படிப் போய்வந்தோம். ஒரு நாள் போனபோது கதவில் பூட்டு தொங்கியது, 'கஸ்டமருக்கு மட்டும்' என்று பேப்பர் ஒட்டியிருந்தது. அவரே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்கம்மா. யாரோ நாப்கினப் போட்டு அடைச்சுட்டுப் போயிட்டாங்க. தண்ணியெல்லாம் கடைக்குள்ள வந்துடுச்சு. கழிவுநீர் லாரிக்காரன் ஒரு நாள் கழிச்சுத்தான் வந்தான். நான் தண்ணியும் லாரியிலதான் வாங்குறேன். ஒருத்தரு ரெண்டு பேருன்னா பரவால்ல, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாருமே இங்க வர்றாங்க. கழுவுற அம்மா வேலைய விட்டே நின்னுடுச்சு."

அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. பேசின் தேய்க்கிறவள் நான், ஜனங்கள் எப்படிப் போட்டுவிட்டுப் போவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஊர் அவசரத்தையெல்லாம் ஒரு பேக்கரிக்காரர் தலையில் கட்டினால் அவர் என்ன செய்வார்? ஆனால் அவர் பூட்டினார், அவரைப் பார்த்து அடுத்தவர் பூட்டினார், பங்கில் பூட்டினார்கள், கடைசியில் அக்கா போக ஓர் இடமும் இல்லாமல் போனது. ஆளாளுக்கு அவரவர் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தையெல்லாம் வைத்துக்கொண்டு இவள் என்ன செய்வது? எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே புரியாமல் போய்விட்டது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அந்தப் பூட்டுக்குப் பிறகு அக்காவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். எரிகிறது என்பாள், குளிர் ஜுரம் வரும். மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். குறைந்ததும் மறுபடி பையைத் தூக்கிவிடுவாள். வலது விலாவுக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. அது பை தொங்குகிற பக்கம். பாட்டில் கனம்தான் இழுக்கிறது என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். தைலம் தேய்த்துவிட்டேன். பையை இடது தோளுக்கு மாற்றினாள். கொஞ்ச நாளில் இடது பக்கமும் வலித்தது. அப்போதும் பைதான் என்றே நினைத்தோம். வலி மாத்திரை அவள் பையில் பாட்டில்களுக்கு நடுவே எப்போதும் கிடந்தது.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி சமயம். முகப்பேரில் ஒரு தெரு முழுக்க முடித்துவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம். அக்காவுக்கு மத்தியானத்திலிருந்தே ஜுரம். முகம் வெளிறி, புடவையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "முடில மே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எதிரே மூன்று மாடி ஜவுளிக்கடை. வாசல் முழுக்க பலூன். உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

கீழ்த்தளத்திலேயே டாய்லெட் கதவு தெரிந்தது. பூட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணிடம் சாவி கேட்டோம். அவள் எங்கள் நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள். டை கட்டின வாலிபன் அவன்.

"பில் இருக்கா மேடம்? பில் காட்டினா சாவி தருவாங்க. கஸ்டமருக்கு மட்டும்தான்" என்றான்.

"ஒடம்பு முடியாதவங்க தம்பி. தொட்டுப் பாருங்க, ஜுரம் அடிக்குது."

"ஒருத்தருக்குத் தந்தா எல்லாரும் கேப்பாங்க மேடம். மேல கேமரால பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்குத்தான் திட்டு விழும்." அவன் குரலில் திமிர் இல்லை. இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன், கத்தியிருந்தால் ஒருவேளை சாவி வந்திருக்கும்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "எதுனா வாங்கிட்டா போச்சு. வா" என்றாள். கிட்டே ஒரு கூடையில் கைக்குட்டை கிடந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடுகிற வரிசையில் நின்றோம். எல்லார் கையிலும் கூடை கூடையாகத் துணி. முன்னால் நின்ற அம்மாவிடம், கொஞ்சம் முன்னாடி விடுங்கள், அவசரம் என்று கேட்டேன். "எல்லாருக்கும் அவசரம்தாம்மா" என்றார். அவருக்கு எங்கள் அவசரம் என்னவென்று தெரியாது. அத்தனை பேருக்கு நடுவில் எப்படி உரக்கச் சொல்வது?

அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து எனக்கு வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் இருந்தார். அப்போது அவள் பிடி தளர்ந்தது. நான் குனிந்து பார்த்தேன். வெள்ளை டைல்ஸில் அவள் காலைச் சுற்றிப் பரவிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் துணிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒரு குழந்தை சத்தமாக என்னவோ கேட்டது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

பில் போடுகிறவன் எதையும் கவனிக்கவில்லை. எங்கள் முறை வந்ததும் கைக்குட்டையை வாங்கி, பில்லை அடித்துக் கையில் கொடுத்துவிட்டான். அந்த விற்பனைப் பெண் ஓடி வந்தாள். அவள் கையில் சாவி. "பில் வந்துடுச்சுல்ல, இப்ப போலாங்க்கா" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. கண் கலங்கியிருந்தது.

அக்கா சாவியை வாங்கவில்லை. கீழே உட்கார்ந்தாள். பையைத் திறந்து எங்கள் துணியையும் தரை துடைக்கிற லிக்விட் பாட்டிலையும் எடுத்தாள். வீடுகளில் செய்து காட்டுவதுபோலவே கொஞ்சம் ஊற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்துக்கொண்டு வந்தாள். இங்கே பாதியோடு விடவில்லை. சூப்பர்வைசர் கிட்டே வந்து, "விடுங்கம்மா, எங்க ஆளு வருவாங்க" என்று மெதுவாகச் சொன்னான். அவள் காதில் வாங்காமல் தரை காய்கிறவரை துடைத்தாள். நான் நின்று அழுதேன். அவள் அழவில்லை.

வெளியே வந்து, ஈரப் புடவையோடு ஷேர் ஆட்டோவில் ஏறக் கூசி, நடந்தே போனோம். நான்தான் அந்தக் கடை நாசமாகப் போக, அந்த பில் மெஷின் கருகிப் போக என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் நின்று அவள் சொன்னாள்.

"காலைல அந்த டீயக் குடிச்சேன் பாரு மே. அதான். நாளைலருந்து அதுவும் வாணாம்."

கடைமேல் அவளுக்குக் கோபமே இல்லை. அந்த டீயின்மேல்தான் எல்லாக் கோபமும். கடவுளே, டீ என்ன செய்யும்? "பைத்தியமா அக்கா உனக்கு? நீ குடிக்காதது பத்தலையா?" என்று நடுரோட்டில் கத்தினேன். சொன்னால் சொன்னதுதான், மறுநாளிலிருந்து டீயை நிறுத்திவிட்டாள். வெறும் வயிற்றோடு வருவாள், மத்தியானம் இரண்டு வாய் சோற்றைத் தண்ணீர் இல்லாமலே விழுங்குவாள். அடுத்த கோடை முழுக்க அப்படியே நடந்தாள்.

கோடை முடிகிற சமயத்தில் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. முகம் உப்பி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ரத்த டெஸ்ட்டைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டாள்.

"ஊட்டுக்குப் போயி ராத்திரிக்குக் குடிப்பேம்மா."

"பகல்ல?"

"பகல்ல குடிச்சா எங்கம்மா போறது?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியாக அழைத்து, இவ்வளவு நாள் சிறுநீர்த்தொற்றைக் கவனிக்காமல் விட்டது, அந்த வலி மாத்திரை, வெயிலில் தண்ணீர் இல்லாமல் அலைந்தது எல்லாமே சேர்ந்துகொண்டது என்றாள். டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். பையைத் தோள் மாற்றித் தைலம் தேய்த்தது எனக்கு ஞாபகம் வந்தது.

கம்பெனியில் எனக்கு வேறு ஜோடி போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், அக்காவின் கதையைச் சொல்லி மிரட்டியும் பார்த்தேன். குடித்தால் எங்கே போவது என்று அவளும் அதையே கேட்கிறாள். அதற்கு பதில் இருந்தால் நான் சொல்ல மாட்டேனா? ஜவுளிக்கடையில் இன்றும் பில் கேட்கிறார்கள். எந்தக் கதவும் புதிதாகத் திறக்கவில்லை, இனிமேல் திறக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு விட்டுப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். மகள் வீட்டில்தான் இருக்கிறாள், பட்டாபிராம் பக்கம். பாதியாக இளைத்துவிட்டாள். இப்போது அவளுக்குத் தண்ணீர் ஆகாது, கிட்னி வேலை செய்யாததால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடுமாம். ஒரு சின்ன டம்ளரை வைத்து மகள் அளந்து கொடுக்கிறாள். நாக்கு வறண்டு தவிக்கிறாள், ஐஸ் துண்டு கேட்டு மகளோடு சண்டை போடுகிறாள். குடிக்க வேண்டிய காலமெல்லாம் குடிக்காதவள், குடிக்கக் கூடாத காலத்தில் தண்ணீர் தண்ணீர் என்கிறாள். நான் பாட்டிலைப் பைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது என்னை நிறுத்தினாள். "ரயில்ல போற. பாத்ரூம் போய்ட்டுப் போ மே" என்றாள். போய்விட்டு வந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது நின்னே போச்சு மே. ஒரு சொட்டு வர்றதில்ல" என்றாள். "இப்பதான் மே நான் ஊரெல்லாம் சுத்தலாம். யாரையும் ஒண்ணும் கேக்க வாணாம்."

காலைக் கட்டிலிலிருந்து இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. நான் தூக்கி மேலே வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.